நாலு பெர்த்

சனிக்கிழமை காலை
லோகித்துக்கு இடது கண் திறக்கவில்லை.
பீளை காய்ந்து இமையைத் தைத்திருந்தது.
வெந்நீர்ப் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பிரித்தால்
உள்ளே அறுத்த பீட்ரூட்.
தர்ஷிகாவுக்கு நேற்றே இரண்டும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ரயில்.
நாலு பெர்த். நாலு ஸ்வெட்டர்,
எம்.சி. ரோட்டில் வெயிலில் நின்று பேரம் பேசியவை.
ஊட்டியில் ஓர் அறைக்கு முன்பணம்.
கன்டெய்னர் யார்டில் மூன்று வருஷம் கழித்து
இவருக்குக் கிடைத்த ஐந்து நாள் லீவு.

"மெட்ராஸ் ஐ தானே" என்றார் ஏழுமலை.
"இன்னா பெரிய நோவு? நாலு நாள்ல தானா போய்டும்.
மலை மேல ஜில்லுனு இருக்கும், கண்ணுக்கு நல்லது."

சொட்டு மருந்து எழுதிக்கொண்டே டாக்டர் சொன்னார்:
"பார்த்தா ஒட்டாதும்மா, தொட்டாதான்."
ஊருக்குப் போகலாமா என்று கேட்டதற்கு
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.
பாதி பதில். மீதியை நாங்களே எழுதிக்கொண்டோம்.

டோல்கேட் தள்ளுவண்டியில்
கறுப்புக் கண்ணாடி, ஒன்று நூற்றிருபது.
போட்டதும் லோகித்துக்கு வலி மறந்துபோனது.
நிற்கிற ஆட்டோ ஒவ்வொன்றின் கண்ணாடியிலும்
குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான்.
நான் பெட்டியில் தனித்தனித் துண்டு, தனித்தனி சோப்பு,
சானிடைசர் இரண்டு பாட்டில் வைத்தேன்.
அடுக்க அடுக்க
செய்வது சரிதான் என்பதுபோல் ஆகிக்கொண்டு வந்தது.

போன வாரம்
கண் சிவந்த பையனை டியூஷனுக்கு அனுப்பியிருந்தாள் ஒருத்தி.
அவள் பெயர்கூடத் தெரியாது.
"பெத்தவளுக்கு அறிவு வேணாம்?" என்று
குழாயடியில் நான் கத்தியது
தெருமுனை வரை கேட்டிருக்கும்.
அவளுக்கு லீவு கிடைத்திருக்காது,
யாரிடம் விட்டுவிட்டுப் போவாள் என்றெல்லாம்
அன்றைக்குத் தோன்றவில்லை.

மெட்ரோவில்
கையை மடியில் வை என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
கண்ணாடிக்கு அடியில் விட்டுக் கசக்கிய விரலால்
தர்ஷிகா கம்பியைப் பிடித்தாள்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பெண் ஏறினாள்.
தோளில் மூன்று மாதம் மதிக்கத்தக்க பிள்ளை,
கன்னத்தில் காலணா அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு,
ஊர்க்கண் படாமல் இருக்க.
அதே கம்பி. அதே இடம்.
வண்டி குலுங்கி நின்றதும் கையை எடுத்து
பிள்ளையின் எச்சிலைத் துடைக்கப் போனாள்.

"தொடாதீங்க."

என் வாய்தான் சொன்னது.
அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"இன்னா சொன்ன? நான் தொட்டா இன்னா?"
அந்தக் கேள்விக்கு எத்தனை வயசு என்று எனக்குத் தெரியும்.
என் அம்மாவும் கேட்டிருக்கிறாள், வேறொரு வாசலில்.

பேச்சு வரவில்லை.
என் பெண்ணின் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன்.

பெட்டியே சட்டென்று இரண்டடி நகர்ந்தது.
அவள் மட்டும் நகரவில்லை, கையை நீட்டினாள்.
அரை பாட்டில் சானிடைசர் ஊற்றினேன்.
வழிந்து என் செருப்பெல்லாம் ஈரம்.

மண்ணடியில் இறங்கினோம், பிள்ளைகளும் நானும்.
பெட்டியோடு உள்ளேயே நின்றார் ஏழுமலை.
கதவு மூடப்போகும் ஒலி வந்ததும் குதித்தார்.
ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு,
"எவனோ ஆர்ஏசி-காரன்
என் பெர்த்துல கால நீட்டிப் படுப்பான்" என்றார்.
திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் ஃபேனை ஐந்தில் வைத்து
ஸ்வெட்டரோடும் கண்ணாடியோடும்
தூங்கிப்போனான் லோகித்.
இவர் இருட்டில் வலது கண்ணைத் தேய்ப்பது கேட்டது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது:
அவள் கையில் ஊற்றினேன், பிள்ளைகள் கையில் ஊற்றினேன்,
கம்பியைத் துடைக்கவில்லை.
அந்த வண்டி இந்நேரம்
ஏர்போர்ட் வரை போய்த் திரும்பியிருக்கும்.